இன்னாசி அண்ணாச்சியின் சிவப்புக் கூரை

போன மாசம் எங்க தெருவுக்கு ரெண்டு பேரு மிஷினோட வந்தாங்க. தண்ணியைப் பீய்ச்சி அடிச்சா ஓட்டுல உள்ள பாசியெல்லாம் பறந்துரும்னு சொன்னாங்க. பறந்துட்டுதான். கூடவே நாலஞ்சு ஓடும் நகந்துட்டு, எதிர்வீட்டுக்காரரு கட்டில்ல மழை பெய்யாமலே ஒழுகுச்சு. வேலை முடிஞ்ச பெறகு அதுல ஒருத்தரு எங்கிட்ட வந்து, அந்தக் காலத்துல நீங்களும் இந்தச் சோலிதான் பாத்தீகளாமே, என்ன ஆசிட் ஊத்துவீகன்னு கேட்டாரு. ஆசிட்டாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஒத்தை வரியில பதில் சொல்லுத விசயமா இது? வீட்டுக்குள்ள வந்து பேனாவை எடுத்துட்டேன். இதுல பெருமை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். பொறுத்துக்கிடுங்க. பெருமைப்படுத மாதிரி வேலை பாத்திருக்கேன், பெருமைப்படுதேன், அவ்வளவுதான்.

என் பேரு பரமசிவம். ஊரு பாளையங்கோட்டை. தொண்ணூறுகள்ல அம்பாசமுத்திரத்துல இருந்து கடக்கரை வரைக்கும், ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் நான் ஏறாத ஓட்டுக் கூரை கம்மி. ஓடு மாத்த, ஓட்டைத் தாங்குத பட்டியல் கட்டை மாத்த, முகடு பூச எல்லாம் தெரியும். ஆனா எங்க ஆளுகளுக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது பாசி எடுக்குத வேலைதான். தாமிரவருணித் தண்ணி குடிக்கிறவுகளுக்கு மட்டும் இல்ல, கூரைக்கும் சுகந்தான். வயக்காத்து ஈரம், தென்னை நிழல், வாசல்ல மாமரம். ரெண்டு மழைக்காலம் போனாப் போதும், செக்கச்செவேர்னு இருந்த ஓடு கரிச்சட்டி மாதிரி ஆயிரும். நிறைய பேரு அதை அடுப்புப் புகைன்னு நினைப்பாக. அது புகை இல்ல வே, உசுரு. அதுவும் வளருது, பரவுது, ஈரத்தைப் பிடிச்சு வச்சு ஓட்டைப் பைய அரிக்குது.

தொழில் பழகுன கதையெல்லாம் பெருசா இல்ல. ரெண்டு தடவை வழுக்குனேன், ஒரு தடவை விழுந்தேன், வைக்கப்போர் மேல விழுந்ததால இன்னைக்கு எழுதுதேன். சொல்ல வேண்டியது எங்க முதலாளியம்மாவைப் பத்தித்தான்.

தங்கபுஷ்பம் அக்கா. அவுக வீட்டுக்காரரு கூரை காண்ட்ராக்டு எடுத்துச் செஞ்சுக்கிட்டு இருந்தாரு. அவரு திடீர்னு போய்ச் சேர்ந்த பெறகு, ஏணியையும் கயித்தையும் வித்துட்டு வீட்டுல இருப்பாகன்னு சொந்தக்காரங்க எல்லாரும் எதிர்பாத்தாங்க. அக்கா பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த வேலை எங்கனன்னு கேட்டாக. அவ்வளவுதான். ஒருநாள் கூட ஏணியில கால் வச்சதில்ல. கீழ குடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக. மேல நான் ஓட்டைத் தட்டுத சத்தத்தை வச்சே, "பரமசிவம், அது கீறல் விட்ட ஓடு, அதுல காலை வைக்காத"ம்பாக. குனிஞ்சு பாத்தா மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருக்கும். சத்தம் போட்டுத் திட்டுனதும் கிடையாது. கோவம் வந்தா குடையை மடக்கிருவாக. குடை மடங்குச்சுன்னா நாங்க எல்லாரும் செய்யுத வேலையை அப்படியே நிறுத்திருவோம்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்கு வேலை பேசப் போனாலும் முதல்ல குடிக்கத் தண்ணி கேப்பாக. கொண்டாந்து கொடுத்தவுககிட்ட, இது கிணத்துத் தண்ணியா, குழாய்த் தண்ணியா, கூரைத் தண்ணியான்னு விசாரிப்பாக. சும்மா ஊர்வம்பு பேசுத மாதிரிதான் இருக்கும். எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. கூரையில நாம எதைத் தெளிச்சாலும் அது கீழதான் வரும். யாரு வாய்க்குப் போவுதுன்னு தெரியாம கூரையைத் தொடக் கூடாதுங்கறது அவுக சட்டம்.

முறையையும் சொல்லிருதேன், கேட்டவரு தெரிஞ்சுக்கிடட்டும். பனி காயாம ஏறக் கூடாது. இடுப்புக் கயித்தை முகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள மரத்துல கட்டணும், சன்னல் கம்பியில கட்டுதவன் கோட்டிக்காரன். ஓட்டுக்கு அடியில பட்டியல் ஓடுத இடத்துலதான் மிதிக்கணும், நடு ஓட்டுல மிதிச்சா அது பப்படம்தான். முட்டி போடுததுக்கு அக்கா பத்தமடையில கழிச்சுப் போட்ட பாயி வாங்கி வச்சிருப்பாக. நனைச்சு விரிச்சா அது ஓட்டைக் கவ்விப் பிடிச்சுக்கிடும். பெறகு பனை நாருல செஞ்ச தும்பு பிரஷ்ஷால மேல இருந்து கீழ தேய்க்கணும். கீழ இருந்து மேல தேய்ச்சா ஓட்டுக்கு அடியில தண்ணி ஏறி மரம் இத்துப் போவும். கிணத்துத் தண்ணி குடிக்கிற வீடுன்னா பிளீச்சிங் பவுடரை நல்லா நீர்க்கக் கரைச்சுத் தெளிச்சு, ஊற விட்டு, கழுவுத தண்ணி தெளிவா வார வரைக்கும் அலசணும். கிணத்தை மூடி வைக்கச் சொல்லணும். கூரைத் தண்ணி குடிக்கிற வீடுன்னா தண்ணியும் பிரஷ்ஷும் தவிர வேற ஒண்ணும் கிடையாது. கை வலிக்கும். வலிக்கட்டும்.

கல்லிடைக்குறிச்சியில ஒரு வீடு. சொந்தக்காரரு பம்பாயில. கூரை அட்டக்கரியா ஆயிட்டு, ஓடெல்லாம் செத்துப் போச்சு, பிரிச்சுட்டு காங்கிரீட் போட்டுரலாம்னு அவரு தம்பி முடிவே பண்ணிட்டாரு. நான் ஒரே ஒரு ஓட்டைக் கழத்திக் கொண்டாந்து வாசல்ல வச்சுத் தேய்ச்சேன். கருப்புக்கு அடியில நெருப்பு மாதிரி சிவப்பு. சுண்டுனா கிண்ணுன்னு சத்தம். அந்த வீட்டு அம்மா, தான் கல்யாணமாகி வந்த அன்னைக்குக் கூரை இந்த நிறத்துலதான் இருந்துச்சுன்னு சொல்லி முந்தானையால ஓட்டைத் துடைச்சாக. அந்தக் கூரை இன்னைக்கும் நிக்குது. பஸ்ஸுல போனா எட்டிப் பாப்பேன். கூட வாரவங்ககிட்ட, நான் கழுவுனதாக்கும்னு சொல்லாம விடமாட்டேன்.

இப்ப புன்னக்காயலுக்கு வாரேன். என் வாழ்க்கையில கஷ்டமான கூரை எதுன்னு கேட்டா அந்த ஒண்ணுதான். அதுல ஒரு பொட்டுப் பாசி கிடையாது.

ஆறு கடல்ல விழுத இடம் அது. சுத்திலும் தண்ணி, ஆனா வாயில வைக்க முடியாத உப்பு. குடிக்கிற தண்ணி ஆத்தூர்ல இருந்து வரணும், இல்ல வானத்துல இருந்து வரணும். அதனால கூரை விளிம்புல தகரத்தை மடிச்சு வாய்க்கால் மாதிரி கட்டி, மழைத்தண்ணியைத் தொட்டியில இறக்கி, தொட்டிக்கு மூடி போட்டு வச்சிருப்பாக. அந்த வருசம் புரட்டாசியில அந்த ஊரு சர்ச்சுப் பங்குச் சாமியாரு எங்களைக் கூப்பிட்டிருந்தாரு. ஐப்பசி மழைக்கு முன்னால சாமியாரு வீட்டு ஓட்டைத் தேய்ச்சுக் கொடுக்கணும். தும்பு பிரஷ்ஷும் தண்ணியும் மட்டுந்தான். தோள்பட்டை கழண்டு போச்சு.

சாமியாரு வீட்டு முகட்டுல உக்காந்து பாத்தா எதுத்தாப்புல ஒரு வீடு. கூரை அப்படியொரு சிவப்பு. ஊரே கருத்துக் கிடக்க, அது மட்டும் புதுப் பொண்ணு மாதிரி நிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது வே, உள்ளதைச் சொல்லணும்லா. நான் தேய்க்காத கூரை ஒண்ணு நான் தேய்ச்ச கூரையை விட நல்லா இருக்குன்னா எப்படி இருக்கும்?

அந்த வீட்டுக்காரருதான் இன்னாசி அண்ணாச்சி. தூத்துக்குடியில இருந்து கொழும்புக்குப் போன தோணிகள்ல தண்டலா இருந்தவரு. தண்டல்னா தோணிக்குத் தலைவரு. கடல்ல அவரு சொல்லுக்கு மறுசொல்லு இருந்திருக்காது, கரையிலயும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாரு. நாற்காலியைத் தெருவுல போட்டு உக்காந்து எங்களைக் கேலி பண்ணுவாரு. "என்னவே பாளையங்கோட்டைக்காரரே, வருசா வருசம் முதுகு சொறிஞ்சு விடுதீரு. நான் ஒரே தடவை அடிச்சேன், பாசி எம் பக்கம் தலை வச்சுப் படுக்காது." என்னத்தை அடிச்சீகன்னு கேட்டா, அது கடல் ரகசியம்னு மீசையைத் தடவுவாரு. தெருவுல ரெண்டு மூணு வீட்டுக்காரங்க அவருகிட்ட டப்பா வாங்கி வச்சிருந்தாங்க. மழைக்கு முன்னால தாங்களும் அடிக்கப் போறதாப் பேச்சு.

கடைசி நாள் வேலையைப் பாக்க அக்கா பஸ் ஏறி வந்தாக. இன்னாசி அண்ணாச்சி அவுகளைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டாரு. கூரையைக் காட்டணும்னு அவருக்கு ஆசை. நானும் கூடப் போனேன். அக்கா வாசல்லயே குடையோட நின்னு வழக்கம்போல தண்ணி கேட்டாக. அவரு மக ரோசம்மா கொண்டாந்தா. தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தா, நிறைமாசம். எந்தத் தண்ணி தாயின்னு அக்கா கேட்டாக.

"கூரைத் தண்ணிதான் அக்கா. அப்பா எனக்குன்னு பூட்டி வச்சிருந்தாவ. நேத்துதான் திறந்தோம். போன வாரம் பெஞ்ச மழையும் அதுலதான் விழுந்திருக்கு."

அக்கா அண்ணாந்து கூரையைப் பாத்தாக. என்ன பெயிண்டு அண்ணாச்சின்னு பைய கேட்டாக. ஒரு பொம்பளை கேட்டதும் அவருக்குக் கடல் ரகசியம் தாங்கல. கப்பலுக்கு அடிவயித்துல அடிக்கிற பெயிண்டு, துறைமுகத்துல தெரிஞ்ச ஆளு மூலமா வந்தது, தோணிக்கு அடிச்சது போக மிச்சம் இருந்துச்சு, ஆசாரிக்குக் கூடத் தோணாத யோசனை இதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. அக்கா கோப்பையை வாய்க்குக் கொண்டு போகல. சன்னல் திண்டுல வச்சாக. குடையை மடக்குனாக.

அந்தக் கரையில ஒரு வீட்டுல கொடுத்த தண்ணியைக் குடிக்காம வைக்குதது சாதாரண விசயம் இல்ல. இன்னாசி அண்ணாச்சி முகம் மாறிட்டு. எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கிடாதோன்னு கேட்டாரு. சாதியைச் சொல்லுதாரா, வேதத்தை, அதாவது மதத்தைச் சொல்லுதாரான்னு தெரியல, ரெண்டும் அந்தக் கேள்வியில இருந்துச்சு. அக்காவுக்கு வாதாடத் தெரியாது. என்னைப் பாத்து, "நீ பேசு பரமசிவம்"னு மட்டும் சொன்னாக.

இது விசம்னு சொன்னா அடிக்கவே வந்திருப்பாரு. எனக்குத் தெரிஞ்சது கூரை, அவருக்குத் தெரிஞ்சது தோணி. அதனால தோணியைப் பத்தியே கேட்டேன். தோணி அடியில அந்தப் பெயிண்டு எதுக்கு அண்ணாச்சின்னேன். பாசி பிடிக்காம இருக்க, சிப்பி ஒட்டாம இருக்கன்னாரு. ஏன் ஒட்டலன்னேன். ஒட்டுனா செத்துப் போவும்லா வே, இது கூடத் தெரியாதான்னாரு. அடிச்சு முடிச்ச பெறகு கையை என்ன செய்வீகன்னு கேட்டேன்.

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்போம். பெறகு சோப்பு போட்டுக் கழுவுவோம். கழுவாம எவனாவது சோத்துல கை வச்சா செவிட்டுலயே அடிப்பேன், எத்தனை பேரை…"

அத்தோட நின்னுட்டு. மக பக்கம் திரும்புனாரு. அவ கதவுல சாஞ்சுக்கிட்டு வயித்துல கை வச்சு நின்னா. நேத்துல இருந்து நீ எவ்வளவு குடிச்சன்னு கேட்டாரு. ஒரு செம்பு இருக்கும்ப்பான்னு அவ சொன்னா. தொட்டிப் பக்கம் போனாரு. அடியில ஒரு மரக்கட்டையை அடிச்சு அடைச்சிருந்தாக. உக்காந்து அதைக் கையாலயே ஆட்டி ஆட்டிப் பிடுங்குனாரு.

தண்ணி மணல்ல ஓடுச்சு. புன்னக்காயல்ல குடிதண்ணி மணல்ல ஓடுததைப் பாக்கப் பொம்பளைக எல்லாம் தெருவுக்கு வந்துட்டாங்க. போன வருசம் பிடிச்சது, பேரப்பிள்ளைக்குன்னு சாவியை இடுப்புல கட்டிக்கிட்டு காத்த தண்ணி. அவரு அது தீருத வரைக்கும் எந்திரிக்கல. நான் டாக்டர் இல்ல. அந்தத் தண்ணி என்ன செஞ்சிருக்கும்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா குடிச்சுப் பாத்து தெரிஞ்சுக்கிடுத விசயம் இல்ல அது. அக்கா அன்னைக்கே ரோசம்மாவை ஆத்தூர்ல டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனாக. பயப்பட ஒண்ணும் இல்ல, இனிமே தொடாதேன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பிட்டாக.

இனிமே தண்ணிக்கு என்ன வழி? மேகம் கிழக்க திரண்டு நிக்குது. ஓடு முழுக்க மாத்த நேரமும் இல்ல, ஓடும் இல்ல. நான் கூரையில ஏறிச் சுத்திப் பாத்தேன். தெருப் பக்கத்துச் சரிவு மட்டுந்தான் சிவப்பு. யாரு கண்ணுக்கும் படாத பக்கம்னு, அடுப்படிப் பக்கத்துச் சரிவை அப்படியே விட்டிருந்தாரு. அது நல்ல கட்டிப் பாசியோட கருகருன்னு கிடந்துச்சு. பாசியைப் பாத்து நான் சந்தோசப்பட்டது பிறந்ததுல இருந்து அன்னைக்குத்தான். பாசி உசுரோட இருக்குன்னா அங்கன விசம் இறங்கலன்னு அர்த்தம்லா. தகர வாய்க்காலை முன்பக்கத்துல இருந்து கழத்தி பின்பக்கம் கட்டிரலாம்னு கீழ இருந்த அக்காவுக்குச் சொன்னேன். அவுக தலையை ஆட்டிட்டு, முகட்டைப் பாத்தியான்னு கேட்டாக. அங்கனதான் நான் எங்க அக்காவுக்குச் சளைச்சவன் இல்லன்னு காட்டுனேன். முகட்டு ஓட்டுல விழுத தண்ணி ரெண்டு பக்கமும் இறங்கும், அதுலயும் சிவப்பு இருக்கு, அத்தனையையும் பேத்து எடுக்கணும்னு அவுக கேக்குததுக்கு முன்னாலயே தெரிஞ்சு, உளியைக் கையில வாங்கி வச்சிருந்தேன். அக்கா குடையை விரிச்சாக.

சுண்ணாம்புக் காரையில பதிச்ச முகடு அது. ஒவ்வொண்ணாத் தட்டி எடுத்தோம். சாமியாரு, தன் வீட்டுப் பின்னால அடுக்கிக் கிடந்த பழைய முகட்டு ஓட்டை எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு. தேய்ச்சு, நனைச்சு, பூசி உக்கார வச்சோம். பின்சரிவு முழுக்கத் தும்பு பிரஷ்தான், அலசுன தகர வாய்க்காலை அதுக்கு அடியில கட்டுனோம். தொட்டியை இன்னாசி அண்ணாச்சியே உள்ள இறங்கித் தேய்ச்சாரு. மூணு தடவை தேய்ச்சு மூணு தடவை கழுவினாரு, யாரையும் தொட விடல. கேலி பண்ணாம அவரு உக்காந்திருந்ததைத்தான் என்னால பாக்க முடியல. இந்த மனுசன் இனி தெருவுல நாற்காலி போட மாட்டாருன்னு நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பூசை முடிஞ்சு சனம் வெளிய வந்துச்சு. நாங்க ஏணியை வண்டியில கட்டிக்கிட்டு இருந்தோம். இன்னாசி அண்ணாச்சி கோயில் படியில ஏறி நின்னாரு. தோணியில கூப்பிடுத குரல்ல எல்லாரையும் நிக்கச் சொன்னாரு.

"என் கூரையைப் பாத்து ஆசைப்பட்டவங்க கேளுங்க. அது சிப்பியைக் கொல்லுத பெயிண்டு. எனக்குத் தெரியும். நாப்பது வருசமா தெரியும். தெரிஞ்சே என் மகளுக்கு அந்தத் தண்ணியைக் கொடுத்தேன், கூரை அழகா இருக்கணும்னு. எங்கிட்ட டப்பா வாங்குனவங்க இன்னைக்கே திருப்பித் தாங்க. எவனாவது கூரையில அடிச்சா நான் அவன் வீட்டு வாசல்ல வந்து கிடப்பேன்."

ஒருத்தரும் சிரிக்கல. கடல்ல புயலுக்குத் தப்பின கதையை நூறு தடவை சொல்லுதவன் தன் தப்பை ஊர் முன்னால ஒரு தடவை சொல்லமாட்டான். அவரு சொன்னாரு. படியை விட்டு இறங்கி, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, நிமிந்துதான் நடந்து போனாரு.

நாங்க கிளம்புததுக்குள்ள பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒரு குடம் தண்ணியைத் தூக்கிக்கிட்டு வந்து அவரு தொட்டியில ஊத்துனா. தன் தொட்டித் தண்ணி. அடுத்து எதிர்வீட்டுக்காரி. பெறகு தெருவே வந்துட்டு. மழை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாத நேரத்துல, அடுத்தவன் வீட்டுத் தொட்டிக்குக் குடிதண்ணி கொடுக்குதாங்கன்னா அது என்னன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும். அக்கா என்னைப் பாத்தாக. நான் சாமியாரு வீட்டுல ஒரு குடம் வாங்கி ரொப்பிக்கிட்டு வரிசையில போய் நின்னேன்.

ஐப்பசி பிறந்து நல்லா மழை பிடிச்ச பெறகு ஒருநாள், அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போன் வந்துச்சு. என்னைத்தான் கேட்டிருக்காரு. ஓடிப் போய் எடுத்தேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம், அதுக்கு மேல இன்னாசி அண்ணாச்சி கத்துதாரு.

"வே பரமசிவம், பொம்பளைப் பிள்ளை. இப்பத்தான் குளிப்பாட்டுனோம், நீரு கட்டுன பக்கத்துத் தண்ணியில. உம்ம அக்காகிட்டச் சொல்லும், இங்கன வந்து ஒரு கோப்பை குடிச்சிட்டுத்தான் போவணும்னு."

அக்கா மறுநாளே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாக. நான் அதுக்கு முன்னாலயே பஸ் ஸ்டாண்டுல நின்னேன்.